வீட்டில் நாலு கடிகாரம், நாலு நேரம்: எதை நம்புவது?

கேள்வி: தாத்தா காலத்துப் பெண்டுலம் கடிகாரம், சமையலறையில் பேட்டரி கடிகாரம், மைக்ரோவேவ் அவனில் ஒன்று, ஜெர்மனியிலிருந்து மகன் கொண்டுவந்த ரேடியோ கடிகாரம். நான்கும் வெவ்வேறு நேரம் காட்டுகின்றன. எது பழுது?

பதில்: எதுவுமே பழுதாக இல்லாமலும் இருக்கலாம். தினமும் ஒரே அளவில் பிசகும் கடிகாரத்தைத் திருத்திவிடலாம். இன்று முந்தி நாளை பிந்துவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதனால் ஒரு வாரம் தினமும் ஒரே வேளையில் செல்போனோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். டிவியைப் பார்த்து நேரம் வைக்காதீர்கள். ஒளிபரப்பு நம் வீட்டுக்கு வந்து சேரவே சில விநாடி ஆகிவிடும்.

ஜெர்மன் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்வது மைன்ஃப்ளிங்கன் என்ற ஊரிலிருந்து வரும் 77.5 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைக் கொண்டு. அது நம் ஊர் வரை எட்டாது. இங்கே அதுவும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம்தான். நேரத்தை நீங்களே வைக்க வேண்டும்.

மைக்ரோவேவ் கடிகாரங்கள் பலவும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலைகளை எண்ணி ஓடுபவை. அது நாள் முழுக்க 49.95 ஆக இருந்தால் 86 விநாடி பின்தங்கும். 2018 தொடக்கத்தில் கொசோவோ–செர்பியா மின்சாரத் தகராறால், ஐரோப்பாவில் இத்தகைய கடிகாரங்கள் சில வாரங்களில் சுமார் 6 நிமிடம் பின்தங்கின. நம் வீடுகளில் மின்வெட்டு வேறு. அதனால் மைக்ரோவேவ் கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

பேட்டரி கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கு அரை நிமிடம் வரை பிசகுவது இயல்பு. 25 டிகிரி வெப்பத்தில்தான் அது சரியாக ஓடும். நாளெல்லாம் 40 டிகிரியில் இருந்தால் தினமும் அரை விநாடிக்குச் சற்று மேல் பிந்தும். ஆகவே அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். ஆனால் நிமிடக் கணக்கில் பிந்தினால் காரணம் சூடு அல்ல, செல் தீர்ந்துவருகிறது. விநாடி முள் 9-க்கு அருகே ஏற முடியாமல் துடிக்கிறதா பாருங்கள். முள்ளைத் தூக்க அங்கேதான் அதிக பலம் தேவை.

நான்கில் கவனிக்க வேண்டியது தாத்தாவின் கடிகாரம். கால் மீட்டர் நீளப் பெண்டுலம் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் நாளுக்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம் பிந்திவிடும். எஃகுத் தண்டு கோடையில் நீளும். 10 டிகிரி கூடினால் தினமும் 5 விநாடி பிந்தும். மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒரே திருத்தம் போதாது. முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி சமமாக இல்லையென்றால் பெட்டி சாய்ந்திருக்கிறது, நேராக்குங்கள். பிறகு குண்டின் அடியில் உள்ள மரையைத் திருகுங்கள். குண்டு மேலே ஏறினால் வேகம் கூடும், இறங்கினால் குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே மறுபடி கை வையுங்கள்.