வாசகர் கேள்வி – பதில்: பிளக்கில் பொறி தெரிகிறது, மோட்டர் நிற்கிறது

கேள்வி: ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிப்பகுதியில் நாங்கள் வாங்கிய கோடைகால வீட்டின் படகுக் கொட்டிலில், 1958ஆம் ஆண்டுக்குரிய ஜோன்சன் சீஹோர்ஸ் 5.5 குதிரைவலு படகு மோட்டர் (படகின் பின்புறத்தில் மாட்டுவது) ஒன்றும் இருந்தது. காலையில் இரண்டு மூன்று முறை கயிற்றை இழுத்தாலே ஓடத் தொடங்குகிறது. கால் மணி நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்வது போல் திணறி நின்றுவிடுகிறது. நன்றாக ஆறிய பின்னர் மறுபடியும் ஓடுகிறது. பிளக்குகளைக் கழற்றி எஞ்சின் உடலில் தொடவைத்து இழுத்துப் பார்த்தேன். இரண்டிலும் பொறி தெரிந்ததால், பற்றவைப்பில் குறையில்லை என்று காபரேற்றரை இரு முறை கழுவினேன். பயனில்லை. அடுத்து எதைப் பார்ப்பது? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: காபரேற்றரை இனித் தொடாதீர்கள். குளிரில் ஓடி, சூட்டில் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடும் இந்த வயது மோட்டரில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை பிளைவீலுக்கு (எஞ்சினின் மேலே சுழலும் கனமான சில்லு) அடியில் இருக்கும் கொயில்கள், அதாவது பொறிக்கான மின்னை உண்டாக்கும் கம்பிச்சுருள்கள்தான்.

பிளக்கில் பொறி தெரிந்தது உங்களைத் திசைதிருப்பிவிட்டது. பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம் மட்டுமே. திறந்த காற்றில் அதைத் தாண்டுவதற்குப் பலவீனமான கொயிலாலும் முடியும். சிலிண்டருக்குள்ளே காற்றும் பெற்றோல் ஆவியும் அமுக்கப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டுவதற்குப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். ஆகையால் பிளக்கை வைத்துச் சோதிப்பதை விட்டு, இடைவெளியை மாற்றியமைக்கக்கூடிய பொறிச் சோதனைக் கருவி ஒன்றை வாங்குங்கள். விலை அதிகமில்லை. இரு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கருவியின் இடைவெளியைக் கால் அங்குலத்துக்கு வைத்து, கயிற்றை வேகமாக இழுங்கள். பொறி நீல நிறத்தில், 'டிக்' என்ற ஓசையுடன் பாய வேண்டும். மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால் அந்தச் சிலிண்டரின் பற்றவைப்பை நம்ப முடியாது. சோதிக்காத மற்ற வயரை எஞ்சின் உடலுடன் இணைத்துவிடுங்கள்; பிளக் துவாரங்களிலிருந்து பெற்றோல் ஆவி வெளிவருமாதலால் கருவியை அவற்றுக்கு அருகில் வைக்க வேண்டாம். முக்கியமாக, இந்தச் சோதனையை மோட்டர் சூடேறி நின்ற உடனேயே செய்யுங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

உங்கள் மோட்டரில் பற்றரி கிடையாது. பிளைவீலின் உட்புறத்திலுள்ள காந்தம் சுழன்று கொயிலில் மின்னை உண்டாக்குகிறது. பொயின்ற் (மின்சுற்றை மூடித் திறக்கும் தொடுமுனை) திறக்கும் கணத்தில் அது உயர் மின்னழுத்தமாகிப் பிளக்குக்குப் போகிறது. சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு கொயில், ஒரு பொயின்ற், ஒரு கொண்டென்சர் (பொயின்ற் கருகாமல் காக்கும் சிறு மின்தேக்கி) எனத் தனித்தனியாக இருப்பதால்தான் ஒரு சிலிண்டர் மட்டும் முதலில் ஓய்கிறது. 1950களில் ஜோன்சனும் எவின்ரூடும் ஒரே நிறுவனத்தின் இரு பெயர்கள். இரண்டிலும் ஒரே வகைக் கொயில்களே பயன்பட்டன. பிளைவீலைக் கழற்றிப் பார்த்தால், கொயிலின் பிளாஸ்ரிக் உறையில் மயிரிழை போன்ற வெடிப்புகளையோ, சில இடங்களில் உறையே பிளந்து நிற்பதையோ காண்பீர்கள். அந்த வெடிப்பில் ஈரம் இறங்குகிறது. சூட்டில் வெடிப்பு விரிகிறது. பிளக்குக்குப் போக வேண்டிய மின் அவ்வழியே எஞ்சின் உடலுக்குக் கசிந்துவிடுகிறது. மல்ரிமீற்றரில் கொயிலின் தடை சரியாகக் காட்டினாலும் ஏமாற வேண்டாம். ஓரிரு வோல்ற்றில் அளக்கும் கருவிக்கு, ஆயிரக்கணக்கான வோல்ற்றில் மட்டுமே நிகழும் கசிவு தெரியவராது.

வெடிப்பிருந்தால் இரண்டு கொயில்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்த கோடையில் மற்றதற்காகப் பிளைவீலை மீண்டும் கழற்றுவது வீண் வேலை. புதிய கொயிலைப் பொருத்தும்போது அதன் இரும்புக் கால்களின் வெளி விளிம்பு, அடித்தட்டில் (கொயில்களைத் தாங்கும் தட்டு) கடைந்திருக்கும் மேட்டின் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளியே நீட்டினால் காந்தத்தில் உரசும். உள்ளே ஒடுங்கினால் பொறி பலவீனமாகும். பிளக் வயர்களையும் விட்டுவைக்காதீர்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் அடித்தட்டு திரும்புவதால், வயர் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து றப்பர் வெடித்துவிடும். செப்புக் கம்பி உள்ள வயரையே வாங்குங்கள். கார்களுக்குரிய காபன் வயர் இதற்கு ஒத்துவராது. காந்தம் பலமிழந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அதைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளைவீலின் நட் கழன்றுவிட்டது, சில்லு அசையவில்லை. நட்டின் மேல் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வந்துவிடும் என்கிறார் நண்பர். அடிக்கலாமா? (வாசகர், அஜாக்ஸ்)

பதில்: அடிக்க வேண்டாம். அந்த அடி கிராங்க் தண்டின் புரியையும் பெயரிங்குகளையும் தாக்கும். விளிம்பைப் பிடித்து இழுக்கும் புள்ளரும் (சில்லை இழுத்துக் கழற்றும் கருவி) கூடாது; சில்லு கோணிவிடும். பிளைவீலின் நடுப்பகுதியில் புரியிட்ட மூன்று துவாரங்கள் இருக்கும். அவற்றில் மூன்று போல்ற்றுகளை முடுக்கி இழுக்கும் தட்டையான புள்ளரே இதற்குரியது. நட்டை முழுவதும் கழற்றிவிடாமல், தண்டின் நுனியோடு சமமாக இருக்கும்படி விட்டுவைத்தால் புரிக்குச் சேதம் வராது. புள்ளரின் நடுப் போல்ற்றை இறுக்கிச் சற்றுப் பொறுத்திருங்கள். பெரும்பாலும் 'டப்' என்ற ஓசையுடன் தானே விடுபடும்.

திரும்பப் பூட்டும்போது தண்டின் கூம்புப் பகுதியையும் பிளைவீலின் துளையையும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடையுங்கள். கிரீஸ் பூசுவது நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள்; அது தவறு. சில்லைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கூம்பின் உலர்ந்த இறுக்கம்தான், தண்டுக்கும் சில்லுக்கும் இடையில் செருகும் சிறிய சாவித்துண்டு அதன் நிலையைக் காட்டுவதற்கு மட்டுமே. இறுக்கம் போதாமல் சாவித்துண்டு அறுந்தால் பொறி நேரம் தவறி வரும். கயிற்றை இழுக்கும் கையை மோட்டர் வெட்டி இழுக்கும்.

கேள்வி: பொயின்ற், கொண்டென்சர் இரண்டையும் புதிதாகப் போட்டேன். முன்பு மங்கலாகவாவது வந்த பொறி இப்போது அறவே இல்லை. (வாசகர், பிறம்ரன்)

பதில்: புதிய பொயின்றின் முகத்தில் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடும். வெள்ளைத் தடித்தாள் துண்டொன்றை அற்ககோலில் நனைத்துப் பொயின்றுகளுக்கிடையே வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தாளில் கறை படியாத வரை தொடருங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள்கள் முகத்தில் பதிந்து நின்றுவிடும். பிறகு, கமின் (தண்டோடு சுழன்று பொயின்றைத் திறக்கும் துண்டு) உயரமான இடத்தில் பொயின்றின் தேய்கட்டை வந்து நிற்கும்போது இடைவெளி 0.020 அங்குலம் இருக்கிறதா என்று பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். அதன் பின்னும் பொறி வராவிட்டால், கொயில் வயரையும் கொண்டென்சர் வயரையும் பொயின்றிலிருந்து விலக்கிவிட்டு மல்ரிமீற்றரை வையுங்கள். மூடியிருக்கையில் தொடர்பும், திறந்திருக்கையில் தொடர்பின்மையும் காட்ட வேண்டும். திறந்திருந்தும் தொடர்பு காட்டினால், பொயின்றின் வில்தகடோ அதன் திருகாணியோ அடித்தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும் தகட்டைச் சற்று விலக்கிப் பூட்டினால் பொறி வந்துவிடும்.