ரோஷம் உண்டாம், பயம் கிடையாதாம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு பள்ளிகொண்டா பக்கம். எங்கள் ஜெர்சி கலப்பு மாடு ஈன்ற காளைக்கன்றைப் போன மாதம் பொய்கை சந்தையில் விற்றுவிட்டோம். அன்று இரவெல்லாம் மாடு கத்தியது. மறுநாள் தவிட்டுத் தண்ணியைத் தொடவில்லை, கண்ணில் நீர் வழிந்தது. கால்நடை மருத்துவம் படிக்கும் மகன், "அதெல்லாம் ஹார்மோன்மா, உன் சோகத்தை அதன்மேல ஏத்தாதே" என்கிறான். செருப்பைக் கடித்த எங்கள் நாய் தலை குனிந்து நிற்பதும் குற்றவுணர்வு இல்லையாம். யார் சொல்வது சரி?

க.

அன்புள்ள க.,

போன வாரம் எருது விடும் விழா பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. அதனால் உடனே எழுதுகிறேன்.

கண்ணீரை விட்டுவிடுங்கள். ஈ மொய்த்தாலும் தூசி விழுந்தாலும் மாட்டுக்குக் கண்ணில் நீர் வழியும். கத்தியதுதான் சாட்சி. கன்றோடு கூடுதல் நாள் இருந்த மாடு, பிரித்ததும் அதிகம் கத்தும் என்பதை ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

மகன் ஹார்மோன் என்கிறாரா? சரி. அவரைப் பெற்றபோது உங்கள் உடம்பிலும் அதே ஆக்ஸிடோசின்தான் சுரந்தது. அதனால் உங்கள் பாசம் பொய்யா? எளிய விளக்கம் இருக்கும்போது பெரிய மனச்செயலைத் தேடாதே என்று 1894இல் உளவியலாளர் லாயிட் மார்கன் விதி வகுத்தார். நல்ல விதிதான். ஆனால் 1872லேயே டார்வின் மனிதர், விலங்கு இருவர் உணர்ச்சியையும் ஒரே புத்தகத்தில் வைத்துப் பேசிவிட்டார். நரம்பும் சுரப்பியும் இரண்டு பேருக்கும் உண்டு, வேதனை மட்டும் ஒருவருக்குத்தான் என்றால் அதுதான் சுற்றி வளைத்த விளக்கம்.

குடியாத்தம் பக்கம் என் ஆயா வீட்டில் ஒரு கன்று செத்தது. மாடு மடியில் கை வைக்க விடவில்லை. கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, வைக்கோல் திணித்துக் கோணி ஊசியால் தைத்து, நாலு குச்சிக் காலில் நிறுத்தினார்கள். மாடு மோந்தது, நக்கியது, பால் விட்டது. ஒருநாள் வயிற்றுப் பக்கம் தையல் பிரிந்து வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. நக்கிக்கொண்டே இருந்த மாடு அதை இழுத்து மென்றது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆயா திரும்பி, "பசிச்சா திங்காதா? உங்கப்பன் செத்தன்னிக்கி நீ எத்தினி இட்லி துன்ன?" என்றாள்.

அந்த வைக்கோல் கன்றைச் செய்தவர்களுக்கு மாட்டின் மனசு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படி ஏமாற்றத் தோன்றியது. நமக்குத் தெரியாமல் இல்லை அம்மா. நமக்குத் தோதான உணர்ச்சியை மட்டும் மாட்டுக்குக் கொடுக்கிறோம், தோதில்லாததைப் பிடுங்கிக்கொள்கிறோம். விழாவில் மைக் பிடித்தவர் "காளைக்கு இருக்குற ரோஷத்தைப் பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். கொம்பில் வர்ணம், கழுத்தில் சலங்கை, இரண்டு பக்கமும் கைகள் முதுகில் அறைய அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. கண்ணில் பாதி வெள்ளை. (மாட்டின் கண்வெள்ளை எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்தே அதன் பதற்றத்தை நார்வேயில் அளந்திருக்கிறார்கள்.) அதற்கு ரோஷம் உண்டாம், பயம் கிடையாதாம். 2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்ட உச்ச நீதிமன்றம் காளை படும் பாட்டைப் பேசியபோது, "எங்க வீட்டுப் பிள்ளை, எங்களுக்குத் தெரியாதா" என்றார்கள் காளை வளர்ப்பவர்கள். 2017இல் சட்டம் திருத்தி, அது செல்லும் என்று 2023இல் தீர்ப்பும் வந்தாயிற்று. சட்டத்துக்குள் நான் போகவில்லை. மாடியில் நின்று விசில் அடிக்கிற ஆள்தான் நானும். ரோஷம் தெரிகிற கண்ணுக்குப் பயம் ஏன் தெரிய மாட்டேன் என்கிறது? வீட்டுப் பிள்ளை என்ற அதே ஆள் செவ்வாய்க்கிழமை பொய்கையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது, வீட்டுப் பிள்ளைக்குப் பல் எத்தனை என்பதுதான் பேச்சு.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையும்தான் சொல்கிறேன். மாட்டைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள். கன்று? ஒரு வரி கிடையாது. அதுவும் அந்த இரவு எங்கேயோ ஒரு வண்டியில் கத்தியிருக்கும்தானே? கலப்பினக் காளைக்கன்றைச் சந்தையில் எதற்கு வாங்குகிறார்கள் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? தோல் பதனிடும் பேரணாம்பட்டும் ஆம்பூரும் நமக்கு எட்டாத தூரமா? விற்றது தப்பு என்று சொல்ல வரவில்லை. தீவனம் விற்கிற விலையில் அதை வைத்துக் காப்பாற்ற முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் ஹார்மோன் என்று சொல்லி மகன் ஒரு மாட்டின் துக்கத்தைத்தான் தள்ளினார். நீங்கள் கன்றையே கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம், நாய் விஷயத்தில் நான் மகன் பக்கம். 2009இல் நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். தொடாதே என்று சொன்ன தின்பண்டத்தைத் தொடாத நாயும் எஜமான் திட்டினால் அதே மூஞ்சியை வைத்துக்கொண்டது. உங்கள் குரலுக்குத்தான் அந்தத் தலைகுனிவு. செருப்பை உள்ளே எடுத்து வையுங்கள், நாயை விட்டுவிடுங்கள்.