பெற்றோருக்குப் பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டுத் திட்டங்களால் குழந்தைக்கு உண்மையில் பலன் உண்டா?

உங்கள் பதினான்கு மாதக் குழந்தைக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி; வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை) இருக்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள்; நேரடிப் பிசியோதெரபியைக் குறைத்துக்கொண்டு, பெற்றோருக்குப் பயிற்சி தரும் திட்டத்தில் சேரும்படி கூறியிருக்கிறார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா, அல்லது அவர்கள் செய்ய வேண்டிய வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார்களா என்பது உங்கள் கேள்வி.

உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று பணிசெய்யும் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய திட்டங்களையும், குடும்பத்தைக் களைப்பில் தள்ளிய திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். ஆதாரம் உண்டு; ஆனால் அது எல்லா வகைத் திட்டங்களுக்கும் பொருந்தாது.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் தெரபி என்று வைத்துக்கொண்டால், அதே வாரத்தில் குழந்தை விழித்திருக்கும் நேரம் ஏறக்குறைய எண்பது மணி. குளிப்பது, உண்பது, உடை மாற்றுவது, தரையில் கிடந்து விளையாடுவது எல்லாம் அந்த எண்பது மணிக்குள்தான் நடக்கின்றன. மூளை முடக்குவாதச் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவக்கும் அவருடைய குழுவினரும் வந்தடைந்த முடிவுகளில் முக்கியமானது, குழந்தை தானாக முயன்று, தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியே பலன் தருகிறது என்பது. கை கால்களைப் பிறர் பிடித்து அசைத்துக் கொடுப்பதால் அந்தக் கற்றல் நிகழ்வதில்லை. அதனால்தான் வீடு முக்கியமாகிறது.

நோவக் 2009-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பல பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள, பள்ளி வயதுக் குழந்தைகள் 36 பேர் அதில் பங்கேற்றனர். குடும்பமே இலக்கைத் தேர்ந்தெடுத்து, சிகிச்சையாளரின் துணையோடு வகுத்துக்கொண்ட வீட்டுப் பயிற்சி எட்டு வாரங்களில் தெளிவான முன்னேற்றத்தைத் தந்தது. அந்தப் பயிற்சி எவ்வளவு நேரம் நடந்தது என்பதைக் கவனியுங்கள்: மாதத்துக்குச் சராசரியாகப் பதினேழு, பதினெட்டு முறை, ஒவ்வொரு முறையும் பதினாறு, பதினேழு நிமிடங்கள், அவ்வளவுதான். உங்கள் குழந்தை அவர்களைவிட மிகச் சிறியது என்பதால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நாள் முழுவதும் பயிற்சி கொடுத்தால்தான் பலன் என்ற அச்சத்துக்கு இது நல்ல பதில்.

இதை அறியாத காலத்தில் நான் ஒரு தாய்க்குப் பதினான்கு பயிற்சிகள் எழுதிய தாளைக் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் ஒட்டி, ஒன்று விடாமல் செய்தார். மூன்றாவது வாரம் நான் சென்றபோது, அவர் பாயை விரித்ததுமே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கியது. "என்னைப் பார்த்தாலே பயப்படுறா சார்" என்று அவர் சொன்னதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தாயைச் சம்பளமில்லாத தெரபிஸ்டாக மாற்றி, குழந்தைக்குத் தாய் இல்லாமல் செய்துவிட்டேன் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நாளில் எந்த வேலை அவருக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது என்று கேட்டேன். சட்டை மாட்டுவது என்றார். அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். சட்டைக் கையின் வாயைச் சுருட்டிக் குழந்தையின் விரல்களுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, இழுத்து நுழைக்காமல் காத்திருக்கச் சொன்னேன். முதல் நாள் எதுவும் நடக்கவில்லை. ஏழெட்டு நாள் கழித்து, நான் மனத்துக்குள் பதினொன்று வரை எண்ணியபோது, இறுக மூடியிருந்த அந்தக் கை மெதுவாகத் திறந்து துணிக்குள் நுழைந்தது. தாய் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை எப்படியும் நடக்கிற காரியம் என்பதால், இதற்கென்று அவர் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் காத்திருப்புக்கு ஆட்டிசம் துறையிலிருந்தும் ஆதரவு கிடைக்கிறது. இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட, பேக்ட் என்று அழைக்கப்படும் சோதனையில், பெற்றோர் தாங்கள் குழந்தையோடு விளையாடிய காணொளியைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து பார்த்து, குழந்தை தந்த சிறு சிறு சைகைகளைக் கண்டுகொள்ளப் பழகினர். 2010-இல் வந்த முதல் முடிவில், பெற்றோர் குழந்தைக்கு மறுமொழி தரும் விதம் நன்றாக மாறியிருந்தது. ஆட்டிச அறிகுறிகளிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளை மீண்டும் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் அறிகுறிகளின் தீவிரம் குறைந்திருந்ததாக 2016-இல் வெளியிட்டனர்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில், மூளை முடக்குவாதம் வரும் அபாயம் மிக அதிகமுள்ள 43 கைக்குழந்தைகளைக் கொண்டு, குடும்பத்துக்கு வழிகாட்டும் முறையையும் வழக்கமான பிசியோதெரபியையும் ஒப்பிட்டபோது, இரு குழுக்களின் இயக்க வளர்ச்சியும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. குடும்பப் பயிற்சி அற்புதம் செய்யும் என்று எவரேனும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் மேரி பேட் மோலர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், செவித்திறன் குறைபாடுள்ள 112 குழந்தைகளின் ஐந்து வயது மொழித்திறனோடு மிக வலுவாகத் தொடர்புடையதாகக் குடும்பத்தின் ஈடுபாடு அமைந்தது. இதைச் சிலர் பெற்றோரைக் குற்றஞ்சாட்டப் பயன்படுத்துகிறார்கள். அது எனக்குக் கோபமூட்டுகிறது. ஓய்வும் வருமானமும் உதவிக்கு ஆளும் உள்ள குடும்பத்தால்தான் எளிதாக ஈடுபட முடியும். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் தகப்பனிடம் ஈடுபாடு போதவில்லை என்று சொல்வதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை.

இன்னொன்று, பெர்ரி பாலர்பள்ளி ஆய்வை எடுத்துக்காட்டித் திட்டங்களை விளம்பரப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 1962-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த ஆய்வு வறுமையில் வளர்ந்த 123 குழந்தைகளைப் பற்றியது. முக்கியமான ஆய்வுதான், ஆனால் உங்கள் குழந்தையின் நிலைக்கு அது நேரடிச் சான்று ஆகாது.

எனவே, பயிற்சித் திட்டத்தில் சேருங்கள். நேரடித் தெரபியைக் குறைப்பதற்கு மட்டும் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். எதற்காகக் குறைக்கிறார்கள், இலக்கை யார் முடிவுசெய்வார்கள், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கும் என்பதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். உங்கள் தூக்கம், முதுகுவலி, மனச்சோர்வு பற்றி அவர்களாக விசாரிக்கிறார்களா என்றும் பாருங்கள். பெற்றோரின் நலத்தைக் கணக்கில் எடுக்காத திட்டத்தைக் குடும்பத் திட்டம் என்று நான் ஏற்பதில்லை. நோய் உறுதியாகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அபாயம் அதிகம் என்று தெரிந்தவுடனேயே இடையீட்டை, அதாவது இத்தகைய சிகிச்சையையும் பயிற்சியையும், தொடங்கலாம் என்பது 2017-இல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரை.

முதல் சந்திப்பில் அவர்கள் உங்கள் ஒரு நாள் காலை முதல் இரவு வரை எப்படிப் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் தயங்காமல் தொடருங்கள். குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அச்சடித்த தாளை நீட்டினால், நான் அந்தத் தாய்க்குச் செய்த தவற்றை அவர்களிடம் சொல்லி, சட்டை மாட்டுவதையோ ஊட்டுவதையோ ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கலாமா என்று கேளுங்கள்.