கையைத் தூக்கினால் தோள்கவசம் ரப்பர் மாதிரி வளைகிறது, பிளெண்டரில் (முப்பரிமாண உருவங்கள் செய்யும் மென்பொருள்) எப்படிச் சரிசெய்வது?

காரணம் ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ்தான், அதாவது உருவத்தின் எந்தப் புள்ளி எந்த எலும்போடு எவ்வளவு அசைய வேண்டும் என்று பிளெண்டரே கணக்கிடும் வசதி. அது இரும்பையும் தோலாகவே நினைத்துக்கொண்டு, ஒரே தகட்டின் புள்ளிகளை இரண்டு மூன்று எலும்புகளுக்கு (உருவத்தை உள்ளிருந்து அசைக்கும் கட்டமைப்பின் துண்டுகள்) பங்கு போட்டுவிடுகிறது. கை உயரும்போது ஒரு பாதி கையோடு போகும், மறு பாதி மார்போடு நிற்கும். தகடு இழுபடாமல் என்ன செய்யும்?

எடிட் மோடில் (புள்ளிகளைத் திருத்தும் நிலை) தகட்டின் மேல் மவுஸை வைத்து எல் விசையை அழுத்தினால் அந்தத் துண்டு முழுதும் தேர்வாகும். முதலில் அதை எல்லா வெர்டெக்ஸ் குரூப்பிலிருந்தும் (ஒவ்வொரு எலும்போடும் அசையும் புள்ளிகளின் தொகுப்பு) நீக்குங்கள் (பலர் மறப்பது இதைத்தான்). அப்புறம் ஒரே எலும்பின் குரூப்பில் 1.0 கொடுத்து அசைன் செய்யுங்கள். மார்புத் தகடு, முழங்கைக் கிண்ணம் எல்லாம் இதிலேயே சரியாகிவிடும்.

தோள்தான் வம்பு. மேற்கை எலும்போடு கட்டினால் கவசம் கழுத்தில் குத்தும். காறை எலும்போடு கட்டினால் கை அதைத் துளைத்துக்கொண்டு வரும். நான் மேற்கை எலும்பை நகலெடுத்துச் சுருக்கி, அதற்கு காப்பி ரொட்டேஷன் (மேற்கை எலும்பின் சுழற்சியை அப்படியே பின்பற்றவைக்கும் அமைப்பு) போட்டு, இன்ஃப்ளுயன்ஸை, அதாவது அதன் தாக்கத்தை, 0.5 ஆக்கி, கவசத்தை அந்த நகல் எலும்போடு கட்டிவிடுவேன். கை 80 டிகிரி எழுந்தால் கவசம் 40 டிகிரிதான் எழும்.

தோல்வாருக்கு மட்டும் பழைய வெயிட்டே இருக்கட்டும். அது வளையத்தான் வேண்டும். உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் உடம்பை மாஸ்க் மாடிஃபயரால் மறைத்துவிடலாம்.