ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், அம்மாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பித்தப்பையை எடுத்து நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் திரும்பவும் வயிற்றுவலி, கண் மஞ்சள். எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் பித்தக்குழாயில் 17 மி.மீ. கல் இருப்பது தெரிந்தது. வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, இ.ஆர்.சி.பி. என்ற சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். அவர் போனதும் ஓர் இளம் டாக்டர் வந்து, பெரிய கல்லை எடுக்கும் இரண்டு முறைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டு, ஆங்கிலத்தில் ஆறு பக்கத் தாளைக் கையில் கொடுத்தார். அப்பாவோ, "அவளை வெச்சு சோதனை பண்ணப் போறாங்க, கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துப் பார்ப்போம்" என்கிறார். என்ன செய்வது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் கீழாநெல்லியைப் பேசி முடித்துவிடுவோம். அம்மாவுக்கு வந்திருப்பது அடைப்பினால் வந்த காமாலை. குழாயில் உட்கார்ந்திருக்கும் கல்லைக் கீழாநெல்லி வெளியே தள்ளாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பித்தக்குழாயில் கிருமி ஏறிவிட்டது என்று அர்த்தம், அப்போது ஆய்வாவது ஒன்றாவது, நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இனி ஆய்வுக்கு வருவோம். பித்தக்குழாய் சாதாரணமாக 6 மி.மீ. அகலம்தான். உங்கள் அம்மாவின் கல் ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டு அளவு. 15 மி.மீ.க்கு மேல் போனால் டாக்டர்களே அதைச் சிக்கலான கல் என்றுதான் சொல்வார்கள், வழக்கமான சிறு கம்பிக் கூடையையோ பலூனையோ வைத்து ஒரே இழுப்பில் எடுக்க முடியாமல் போகலாம். குழாயின் வாயைப் பெரிய பலூனால் விரித்து எடுப்பது, கூடைக்குள் கல்லைப் பிடித்து நசுக்கி எடுப்பது, குழாய்க்குள்ளேயே மெல்லிய கேமராவை விட்டு லேசரால் உடைப்பது என்று பல வழிகள் இருக்கின்றன. எல்லாமே இப்போது நோயாளிகளுக்குச் செய்துகொண்டிருப்பவைதான். எந்தக் கல்லுக்கு எதை முதலில் செய்வது என்பதில்தான் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு, அதைத் தீர்க்கத்தான் இந்த மாதிரி ஆய்வுகள். ஆக அப்பா பயப்படுவது போல யாரும் புதிதாக எதையோ அம்மா மேல் பரீட்சை பார்க்கவில்லை, எந்தக் குழுவில் விழுந்தாலும் கல்லை எடுக்கத்தான் போகிறார்கள். ஆனால் அந்த இரண்டில் எது என்பதை நீங்களோ டாக்டரோ தேர்ந்தெடுக்க மாட்டீர்கள், சீட்டுக் குலுக்குவது போலக் கணினி முடிவு செய்யும். இதை மனசார ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் சேருங்கள்.

இப்படிச் சேர்ந்தவர்களால் என்ன கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். இ.ஆர்.சி.பி. முடிந்தபின் நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்குக் கணையம் வீங்கிக் கடும் வலி வரும், இந்தச் சிகிச்சையில் நாங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். மூட்டுவலிக்குக் கொடுக்கும் இண்டோமெதசின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தை ஆசனவாயில் வைத்தால் அது குறையுமா என்று அமெரிக்காவில் 602 பேரிடம் பார்த்தார்கள். எல்லோரும் இந்த வீக்கம் வர வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு அதேபோன்ற வெற்று மருந்து. வெற்று மருந்து வைத்தவர்களில் 16.9 சதவீதம் பேருக்குக் கணைய வீக்கம் வந்தது, மருந்து வைத்தவர்களில் 9.2 சதவீதம்தான். 2012-ல் முடிவு வெளியானது. இன்று உலகம் முழுக்க அந்த மருந்தை வைக்கிறார்கள், உங்கள் அம்மாவுக்கும் வைக்கக்கூடும். அந்த 602 பேரை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஆறு பக்கத்தை இப்படியே வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் கேளுங்கள், புரிகிற மொழியில் கொடுப்பது அவர்கள் கடமை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்காக ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் பதிவேடு, இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா என்பதும் அதிலேயே தெரியும். அப்புறம் பணம். லேசர் குழுவில் விழுந்தால் அந்தச் செலவு யாருடையது? ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? புதிய மருந்து என்றால் 2019-ல் வந்த விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு சிகிச்சை முறைகளை ஒப்பிடும் ஆய்வுக்கு அந்த விதிகள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, அதனால் தாளில் எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் சேர வேண்டாம். கையெழுத்துப் போட்டால் ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முடிவு அம்மாவுடையது. நீங்களோ அப்பாவோ அவருக்காகச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. அவர் வேண்டாம் என்றாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே கிடைக்க வேண்டும், அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

கேள்வி: என் கணவர் இதே மாதிரி ஓர் ஆய்வில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கல் முழுசாக வரவில்லை என்று, பித்தம் வடிவதற்குப் பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை உள்ளே வைத்து அனுப்பினார்கள். அடிக்கடி போன், ரத்தப் பரிசோதனை என்று அலுத்துப்போய் விலகப் போகிறேன் என்கிறார். விலகலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆய்விலிருந்துதான் விலகலாமே தவிர சிகிச்சையிலிருந்து விலகக் கூடாது. அந்த ஸ்டென்ட் நிரந்தரமாக உள்ளே இருப்பதற்கு வைத்ததல்ல. நாளானால் அடைத்துக்கொண்டு காய்ச்சலில் கொண்டுபோய் விடும், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். அவர் அலுத்துக்கொள்ளும் அந்தப் போன்தான் இதுவரை நாளை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. விலகிவிட்டால் நீங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டென்ட் எடுக்கும் தேதியை டாக்டரிடம் எழுதி வாங்கி, காலண்டரில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு விலகச் சொல்லுங்கள்.