மறதி நோயும் மூளை ரத்த ஓட்ட ஸ்கேனும்: வடசென்னை வாசகர் கேள்விகள்

தண்டையார்பேட்டை: அம்மாவுக்கு எம்ஆர்ஐ நார்மல், மறதி மட்டும் ஏறிக்கிட்டே போகுது. பிரெயின் ஸ்பெக்ட் எடுக்கச் சொல்றாங்க மேடம். அதுல என்ன தெரியும்?

எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். ஸ்பெக்ட், சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, மூளையில் எங்கே எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று காட்டும். சுருக்கம் கண்ணுக்குப் படும் முன்பே, வேலை குறைந்த பகுதிக்கு ரத்தம் போவது குறைந்துவிடலாம். அல்சைமர் மறதி நோயில் டெம்போரல் (பக்கவாட்டு), பரைட்டல் (உச்சிப் பின்புற) பகுதிகளும், மூளையின் உட்புறம் நடுவே உள்ள பின் சிங்குலேட்டும் படத்தில் மங்கும். கைகால் அசைவுக்கான பட்டை தப்பித்து நிற்கும். பின்மண்டைப் பகுதியும் மங்கினால் லூயி பாடி என்ற வேறொரு வகை மறதி நோயை யோசிப்போம். திட்டுத்திட்டாகக் குறைந்தால் ரத்தக்குழாய்க் கோளாறு.

ராயபுரம்: அப்பா அஞ்சு நிமிஷம் அசையாம படுக்க மாட்டார். மயக்க ஊசி போடலாமா?

போடலாம், ஆனால் நேரம் பார்த்து. டெக்னீசியம் என்ற அந்தக் கதிரியக்க மருந்து ஏற்றிய ஓரிரு நிமிடத்தில் மூளையில் படிந்துவிடும், பிறகு இடம் மாறாது. எத்தனை மணிக்குப் படம் எடுத்தாலும் தெரிவது ஊசி ஏறிய நேரத்து ரத்த ஓட்டம்தான். அதனால் முதலில் கேனுலா (நரம்பில் ஊசி ஏற்றும் சிறு குழாய்), வலி அடங்கட்டும். மங்கலான, சத்தமில்லாத அறையில் 10, 15 நிமிடம் கண் திறந்தபடி இருக்கட்டும். அப்புறம் மருந்து, அதன்பின் 5 நிமிடம் மௌனம். பாசத்தில் அந்த நேரம் பேச்சுக் கொடுக்காதீர்கள்: கேட்கும் பகுதிக்கு ரத்தம் கூடி, அங்குள்ள குறை மறைந்துபோகலாம். மயக்க மருந்து இதெல்லாம் முடிந்த பிறகுதான். ஹெச்எம்பிஏஓ என்ற வகை டெக்னீசியம் மருந்தென்றால் சுமார் 90 நிமிடம் கழித்துப் படம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கட்டும்.

காசிமேடு: காலையில டீ குடிக்காம அவரால இருக்க முடியாதே?

அன்று ஒருநாள் வேண்டாம். காஃபின் மூளை ரத்தக்குழாயைச் சுருக்கும். காபி, கோலா, சிகரெட்டும் கூடாது. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், சீட்டைக் கொண்டு வாருங்கள். எண்ணூர் ரோட்டு லாரி நெரிசலைக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். கலக்கிய மருந்து வெகுநேரம் தாங்காது.

வியாசர்பாடி: ஊசி இல்லாம எம்ஆர்ஐயிலயே பார்க்க முடியாதா?

முடியும், ஏஎஸ்எல் என்று பெயர். கழுத்தில் ஓடும் ரத்தத்தின் நீரைக் காந்தத்தால் அடையாளமிட்டு, அது மூளைக்குப் போய்ச் சேர முதியவர்களுக்கு 2 நொடி விட்டுப் படம் பிடிப்பார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய் (கரோடிட்) சுருங்கியிருந்தால் ரத்தம் பிந்தி வரும். குழாய் பளிச்சென்றும் மூளைத்தசை இருட்டாகவும் தெரியும். அதை அல்சைமர் என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. கழுத்து டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்திருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

திருவொற்றியூர்: ரிப்போர்ட்ல ‘ரத்த ஓட்டம் குறைவு’ன்னு இருந்தா அல்சைமர் உறுதியா?

இல்லை. மனச்சோர்விலும் ஓட்டம் குறையும். வைட்டமின் பி12, தைராய்டு, காது கேட்கும் திறன் பார்த்தாயிற்றா? இவற்றில் குறை இருந்தாலும் மறதி போலத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவருக்கு ஞாபகத் தேர்வில் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். சமையல், சில்லறைக் கணக்கு, வழி தெரிவது, இவை எப்போதிலிருந்து தடுமாறுகின்றன என்று தேதியோடு எழுதி வாருங்கள். படத்தை அதோடு பொருத்தித்தான் படிக்க முடியும்.