பெர்லினில் ஒரு நாள்: தோழியின் அப்பா கடந்து வந்த வாசல்

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும்போது நண்பர்களோடு போய்ப் பார்த்த வரலாற்றுச் சின்னங்களில் உங்களை அதிகம் பாதித்தது எது?

பெர்லினில் ஃபிரீட்ரிஷ்ட்ராசே ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. ட்ரேனன்பலாஸ்ட் என்று பெயர். கண்ணீர் மாளிகை என்று அர்த்தம். பெர்லினுக்கு ஒரு நாள் பயணமாகப் போகிறவர்கள் போடும் பட்டியலில் இது அநேகமாக இருக்காது. எங்கள் பட்டியலிலும் இல்லை. அன்று மதியம் தோழி சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் அங்கே போனோம்.

2024 மார்ச் மாதம். மாக்டபர்க் பல்கலைக்கழகத்தில் முதல் பருவத் தேர்வுகள் முடிந்து, அடுத்த பருவம் தொடங்காத இடைவெளி. நான்கு பேர் கிளம்பினோம். நான், என் அறையில் கூடத் தங்கியிருக்கும் கோயம்புத்தூர்க்காரன், எங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு வங்காளி, அப்புறம் ஒரு தோழி. தோழி ஜெர்மனியிலேயே பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணம். காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹம் நகரம்தான் அவளுக்குச் சொந்த ஊர் மாதிரி. எங்களிடம் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள், கடைக்காரரிடம் ஜெர்மன் பேசுவாள், இரண்டிலும் ஒரு தடங்கல் இருக்காது.

அப்போது மாதம் 49 யூரோவுக்கு ஒரு பயணச் சீட்டு இருந்தது. அதிவேக ரயில் தவிர, நாடு முழுக்க எந்த உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறலாம். மாணவர்களுக்கு அது பெரிய வரம். மாக்டபர்கிலிருந்து பெர்லினுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டேன். தோழி முதல் நாள் இரவு உட்கார்ந்து செய்த மீன் ரோல்ஸ் பிராண்டன்பர்க் ஊர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

முதலில் ரைஷ்டாக், ஜெர்மன் நாடாளுமன்றம். அதன் கண்ணாடிக் கோபுரத்துக்கு ஏற முன்பதிவு செய்ய வேண்டும், காசு கிடையாது. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். பழைய கட்டடம் 1894-இல் கட்டியது. 1933-இல் தீப்பிடித்து, போரில் சிதைந்து, 1999-இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த கோபுரத்தோடு மறுபடி திறந்தது. உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் சாய்வுப் பாதை. குனிந்து பார்த்தால் கீழே உறுப்பினர்களின் நாற்காலிகள். அழகுதான். ஆனால் அங்கே நின்றதை விட, கீழே இறங்கி வந்த பிறகு சாலையில் பார்த்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

தார்ச் சாலையின் குறுக்கே இரண்டு வரிசை கருங்கற்கள் பதித்திருக்கிறார்கள். கார்கள் அதன் மேலேயே போகின்றன. நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர் இருந்த கோடு அது. 1961 ஆகஸ்ட் 13-ஆம் தேதி விடியும்போது முள்கம்பி போட ஆரம்பித்தார்கள். பிறகு அது கான்கிரீட் சுவராக வளர்ந்தது. 1989 நவம்பர் 9 வரை, 28 ஆண்டுகள். அந்தச் சுவரில் குறைந்தது 140 பேர் செத்திருக்கிறார்கள். பிராண்டன்பர்க் வாயிலின் முன்னாலும் இதே கல் வரிசை ஓடுகிறது. 1791-இல் கட்டி முடித்த அந்த வாயில், சுவர் இருந்த காலம் முழுக்க யாரும் நுழைய முடியாத எல்லைப் பட்டைக்குள் தனியாக நின்றது. இன்று அதன் தூண்களுக்கு நடுவில் பள்ளிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். வங்காளி நண்பன் ஒரு காலைக் கிழக்கிலும் ஒரு காலை மேற்கிலும் வைத்து நின்றான். படம் எடுத்தோம்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், படுகொலை செய்யப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம். 2,711 கான்கிரீட் கட்டைகள். ஓரத்தில் முழங்கால் உயரம். உள்ளே போகப் போகத் தரை பள்ளமாக இறங்குகிறது, கட்டைகள் தலைக்கு மேல் உயர்கின்றன. நடைபாதை ஒருவர் போகும் அகலம்தான். சேர்ந்து நுழைந்த நாங்கள் ஒரு நிமிடத்தில் பிரிந்துவிட்டோம். வெளியே கேட்ட வண்டிச் சத்தம் குறைந்து, என் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே ஒரு சந்தில் தோழியின் சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது, அடுத்த அடியில் மறைந்தது. வெளியே வந்து நான்கு பேரும் சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தயவுசெய்து அந்தக் கட்டைகள் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். எடுக்கிறவர்களைப் பார்த்தேன், மனசு வலித்தது.

பிறகு உன்டர் டென் லிண்டன் சாலையில் கிழக்கே நடந்தோம். ஹும்போல்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரே பேபல்பிளாட்ஸ் என்ற சதுக்கம். நடுவில், தரையோடு தரையாக ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தால் கீழே வெள்ளை நிறத்தில் ஒரு அறை. நான்கு சுவரிலும் புத்தக அலமாரிகள். ஒரு புத்தகம் கூட இல்லை. நாஜிகள் ஆட்சியைப் பிடித்த 1933-இல், மே 10-ஆம் தேதி இரவு இந்த இடத்தில் சுமார் 20,000 புத்தகங்களை எரித்தார்கள். அத்தனை புத்தகமும் வைக்கக்கூடிய அளவுக்கு அந்த வெற்று அலமாரிகள். மிஹா உல்மன் என்ற இஸ்ரேலியக் கலைஞர் செய்தது, 1995-இல் திறந்தார்கள்.

எரித்ததில் முன்னால் நின்றவர்கள் மாணவர்கள். மாணவர் சங்கமே ஏற்பாடு செய்து, ஊர்வலமாகத் தீப்பந்தம் ஏந்தி வந்து, புத்தகங்களைத் தீயில் எறிந்தார்கள். இது எனக்கு முன்பே தெரியாது. எங்கோ இருந்து வந்த ரவுடிகள் செய்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வயசு, எங்களைப் போலத் தேர்வு எழுதியவர்கள். பக்கத்தில் ஒரு பலகையில் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே நூறு ஆண்டுகளுக்கும் முன்பே எழுதிய வரி இருக்கிறது: புத்தகங்களை எரிக்கும் இடத்தில் கடைசியில் மனிதர்களையும் எரிப்பார்கள் என்று. அவருடைய புத்தகங்களும் அன்று எரிந்தன.

தோழி கண்ணாடி மேல் குனிந்தபடியே இருந்தாள். நிமிரவே இல்லை. அப்புறம் சொன்னாள்: "எங்கட லைப்ரரியையும் இப்பிடித்தான் எரிச்சவங்கள்."

யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 நள்ளிரவு தொடங்கி ஜூன் 1 வரை எரிந்தது. சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. அவளுடைய அப்பாவுக்கு அப்போது பதினாறு வயசு. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போய் உட்காருவாராம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது கருகிய தாள்கள் காற்றில் பறந்து பக்கத்துத் தெருக்களில் விழுந்து கிடந்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, தமிழர்களுக்கு எதிரான ஜூலைக் கலவரம். 1984 கடைசியில், அம்மாவின் நகைகளை விற்ற காசில், பத்தொன்பது வயசில் அவர் விமானம் ஏறினார். கொழும்பு, மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின்.

"அப்பா பெர்லினுக்குள்ளாலதான் வந்தவர். ஃபிரீட்ரிஷ்ட்ராசே ஸ்டேஷன். இங்கயிருந்து கிட்டத்தானே? நான் இன்னும் பாக்கேல்லை" என்றாள்.

சுவர் ஓவியங்கள் இருக்கும் ஈஸ்ட் சைட் கேலரிக்கு அடுத்துப் போவதாகத் திட்டம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நிலையத்தை நோக்கி நடந்தோம்.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழி இருந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன். கிழக்கு ஜெர்மனி சுவர் கட்டியது தன் மக்கள் வெளியே போய்விடாமல் இருக்க. வெளிநாட்டுக்காரர்கள் அந்த வழியாகக் கடந்து போவதில் அவர்களுக்குத் தடையில்லை. விமானச் சீட்டிலும் விசாவிலும் அந்நியச் செலாவணி வரும். மேற்குப் பக்கமோ அதை ஒரு நாட்டு எல்லையாகவே ஏற்கவில்லை. நகரம் ஒன்றுதான் என்பது அவர்களின் நிலை. அங்கே நின்று பாஸ்போர்ட் சோதித்தால் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் முறையான சோதனை வைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சந்து திறந்திருந்தது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ட்ராசே வந்து, கிழக்கின் சோதனையைத் தாண்டி, மேற்குக்குப் போகும் ரயிலில் ஏறினால் போதும். எண்பதுகளின் நடுவில் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் இந்த வழியில் வந்தார்கள். மேற்கு ஜெர்மனி அழுத்தம் கொடுத்து, 1986-க்குள் வழி அடைபட்டது.

கண்ணீர் மாளிகை 1962-இல், மேற்கே போகிறவர்களைச் சோதித்து அனுப்பக் கட்டியது. மேற்கிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் உறவினரை வழியனுப்ப வந்தவர்கள் அந்த வாசலோடு நின்றுவிட வேண்டும். தாயும் மகனும், காதலர்களும் அங்கே நின்று அழுதார்கள். பெயர் வந்தது அப்படித்தான். இப்போது அருங்காட்சியகம், நுழைவு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை.

உள்ளே அந்தக் காலத்துச் சோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். பழுப்பு நிறப் பலகை. ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய இடுக்கு. பெட்டியோடு நுழைந்தால் திரும்ப இடமில்லை. நாங்கள் ஒவ்வொருவராகக் கடந்தோம். தோழி மட்டும் அங்கேயே நின்று அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். திரையில் அவர் முகம் வந்தது. வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "மேல கண்ணாடி இருக்கோ பார், பிள்ளை" என்றார்.

நாங்கள் யாருமே அதுவரை மேலே பார்க்கவில்லை. நிமிர்ந்தோம். நிற்பவரின் முதுகுப் பக்கம் அதிகாரிக்குத் தெரியும்படி சாய்த்து மாட்டிய ஒரு கண்ணாடி. அதில் நாங்கள் நான்கு பேரும், நடுவில் போனைப் பிடித்த அவள் கையும் தெரிந்தது.

"அதுக்குள்ள என்ர தலையைப் பாத்துக்கொண்டு நிண்டனான். தலை இழுக்காமல் கலைஞ்சு கிடந்தது. அதை நினைச்சுத்தான் வெக்கப்பட்டனான்" என்றார். "அங்கால போய் ரயிலேறி மேற்கு பெர்லின்ல சூ ஸ்டேஷன்ல இறங்கினன். பாஸ்போட்டைக் கையிலயே வச்சுக்கொண்டு நிண்டனான், ஆராவது கேப்பினம் எண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை."

தோழி அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. கோயம்புத்தூர்க்காரன் போனை வாங்கி, "அங்கிள், நல்லா இருக்கீங்களா?" என்றான். அவர் எங்கள் எல்லோரையும் ஹம்முக்கு வரச் சொன்னார், கோயில் தேருக்கு வந்தால் வீட்டிலேயே தங்கலாம் என்றார். ஒரு பக்கச் சுவரில் இருந்த கண்காட்சியை அவளுக்காக இரண்டாம் முறையும் சுற்றிப் பார்த்தோம். பெட்டிகள், கடிதங்கள், பிரிந்த குடும்பங்களின் படங்கள். எங்கள் கண்ணில் பட்ட வரை தமிழர் முகம் ஒன்றும் இல்லை. ஒரு படமாவது வைக்க வேண்டும் என்று மனசாரத் தோன்றியது. அந்த வாசலைக் கடந்தவர்களின் கதையில் அவர்களும் ஒரு பகுதி.

திரும்பும் ரயிலை ஃபிரீட்ரிஷ்ட்ராசேயிலேயே பிடித்தோம். அது அவர் போன அதே உயர்த்திய தண்டவாளப் பாதைதான். ஷ்ப்ரே ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மேற்கு. தோழி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சூ நிலையம் வந்தபோது பன்னிரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் எழுந்து கதவருகே போய் வெளியே தலையை நீட்டிப் பிளாட்பாரத்தை இரு பக்கமும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்தபிறகு பரிசோதகர் வந்தார். அந்த மாதச் சீட்டோடு அடையாள அட்டையும் காட்ட வேண்டும். நாங்கள் மூவரும் காட்டினோம். தோழி தன் ஜெர்மன் அடையாள அட்டையை நீட்டினாள். அவர் படத்தையும் முகத்தையும் ஒருமுறை பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை உடனே பைக்குள் வைக்கவில்லை. போட்ஸ்டாம் தாண்டும் வரை கையிலேயே வைத்திருந்தாள்.